ரூடி ஹெர்ட்ஸின் காது

குர்ட் வோனகட்டின் முதல் நாவலான ‘பிளேயர் பியானோ’வை மூன்று முறை பாதியில் மூடி வைத்திருக்கிறேன். மூன்று முறையும் ஒரே இடத்தில். நாவல் மோசம் என்பதால் அல்ல. அந்த இடத்தில் வரும் இளம் எஞ்சினியரை எனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும் என்பதால். நான்காவது முறை, போன மாதம், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டேன். முடித்த பிறகு அந்த நாவலோடு எனக்கு ஒரு சண்டை மிச்சமிருக்கிறது. அதைத்தான் இங்கே போடப்போகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஒரு பெரும் போருக்குப் பிந்தைய அமெரிக்கா. தொழிற்சாலைகள் ஏறக்குறைய ஆளில்லாமல் ஓடுகின்றன. எஞ்சினியர்களும் மேலாளர்களும் ஆற்றுக்கு இந்தப்பக்கம் வாழ்கிறார்கள். வேலை பறிபோனவர்கள் அந்தப்பக்கம். அவர்களுக்கு மிச்சமிருப்பது ராணுவம், இல்லையென்றால் ரோடு செப்பனிடும் ஓர் அரசுப் படை. இலியம் என்ற கற்பனை நகரத்தின் ஆலையை நிர்வகிப்பவன் பால் புரோட்டியஸ். பல வருடங்களுக்கு முன், வேலையில் சேர்ந்த புதிதில், அவனையும் இன்னும் இரண்டு பேரையும் ஒரு மிஷின் ஷாப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கிருப்பதிலேயே நல்ல லேத் ஆளைக் காட்டு என்று கேட்டபோது, ஃபோர்மேன் கைகாட்டிய ஆள் ரூடி ஹெர்ட்ஸ். லேத்தின் கைப்பிடிகளோடு பதிவுக் கருவியை இணைத்து, ரூடியின் கை அசைவுகளை ஒரு நாடாவில் ஏற்றிக்கொள்கிறார்கள். இனி அந்த நாடாவை வைத்து ஒரு லேத்தையும் ஓட்டலாம், நூறு லேத்தையும் ஓட்டலாம். ரூடி தேவையில்லை.

ரூடிக்கு இதில் கோபமே வருவதில்லை. இத்தனை பேரில் தன்னைத் தேர்ந்தெடுத்தார்களே என்று பெருமை. அன்று சாயங்காலம் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டுபோய் பீர் வாங்கிக் கொடுக்கிறார். வருடங்கள் கழித்து, ஆற்றுக்கு அந்தப்பக்கத்து மதுக்கடை ஒன்றில், கிழவராகிவிட்ட ரூடி பாலை அடையாளம் கண்டுகொள்கிறார். அவன் வந்ததைக் கொண்டாட, அங்கிருக்கும் தானியங்கி பியானோவில் ஒரு காசு போடுகிறார். பியானோவின் கட்டைகள் தாமாக ஏறி இறங்குகின்றன, ஒரு பேய் உட்கார்ந்து வாசிப்பதுபோல.

நான் மூடி வைத்தது இந்த இடத்தில்தான். ஏனென்றால் நான் இதைச் செய்திருக்கிறேன். என்னிடம் நாடா இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது.

*

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். கோடை விடுமுறையில் ஒரு மாத இன்பிளான்ட் ட்ரெய்னிங். கோயம்புத்தூர் கணபதியில், என் அம்மாவின் தம்பி வேலை பார்த்த பட்டறையிலேயே இடம் கிடைத்தது. மாமா எட்டாவது வரை படித்தவர். பல வருடம் ரேடியல் டிரில்லிங் மிஷினில் நின்றுவிட்டு, பட்டறைக்கு சி.என்.சி. வந்தபோது அதற்கு மாறியவர். ஜி, எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை மிஷின் திரையில் பார்த்துப் பழகி, அதிலிருந்து மற்ற எழுத்துகளுக்குப் போனவர்.

அந்த மாதம் ஓடிய ஜாப், ஹைட்ராலிக் மேனிஃபோல்ட் பிளாக். செங்கல் மாதிரி ஒரு எஃகுக் கட்டி. அதற்குள் எண்ணெய் போவதற்கான வழிகள், பல பக்கங்களிலிருந்தும் துளைபோட்டு உள்ளே ஒன்றையொன்று சந்திக்கும்படி. என் கண்முன்னால் நடந்தது 8.5 மி.மீ. டிரில், 80 மி.மீ. ஆழம். ஜி83 என்ற சுழற்சி. ஐந்து மில்லிமீட்டர் இறங்கும், முழுதாக வெளியே வந்து சுருளைக் கொட்டும், மறுபடி இறங்கும். காலேஜில் இதைப் பரீட்சைக்கே எழுதியிருந்தேன். வெட்டுவேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால் சுமார் 940 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.15 மி.மீ. இறங்கினால் நிமிடத்துக்கு 140 மி.மீ. ஃபீட். கணக்கு சரி. ஆனால் கணக்குப்படி ஓட்டினால் டிரில் உடைந்தது.

காரணம் உள்ளே இருந்தது. ஐம்பது மில்லிமீட்டர் தாண்டியதும், பக்கவாட்டில் ஏற்கெனவே போட்ட துளை ஒன்று குறுக்கே வரும். டிரில்லின் ஒரு பக்கம் எஃகைக் கடிக்கும்போது மறுபக்கம் காற்றில் இருக்கும். அந்த நொடியில் அது இழுத்துக்கொண்டு போய்ச் சிக்கும். உடைந்தால் டிரில் மட்டும் போவதில்லை. உள்ளே சிக்கிய துண்டை எடுக்க முடியாவிட்டால், அதுவரை பல மணி நேரம் வேலை செய்த மொத்த பிளாக்கும் கழிவு.

மாமா ஓட்டும்போது மட்டும் உடையவில்லை. பேனலில் ஃபீட் ஓவர்ரைடு என்று ஒரு திருகு இருக்கும். புரோகிராமில் எழுதிய ஃபீடை நூறு சதவீதமாக வைத்துக்கொண்டு, அதைக் கூட்டவோ குறைக்கவோ ஆப்பரேட்டருக்கு விடப்பட்ட ஒரே இடம். மாமாவின் இடதுகை அதன்மேலேயே இருக்கும். கதவு மூடியிருக்கிறது, உள்ளே கூலண்ட் கொட்டுகிறது, டிரில் முனையோ இரும்புக்குள். யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் சரியான நேரத்தில் கை திருகைக் குறைக்கும், தாண்டியதும் ஏற்றும்.

“எப்படி மாமா தெரியுது?”

“சத்தம் மாறுதல்லடா. கேக்குல? இத்தன நேரம் இரும்பத் தின்னுட்டு இருந்துச்சு, இப்பப் பாரு, மெல்றதுக்கு ஒண்ணுமில்லாமப் பல்லு தேயுற மாதிரி ஒரு சத்தம்.”

எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நான் எஞ்சினியர் ஆகப்போகிறவன். திரையில் இசட் அச்சின் எண் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை திரும்பும்போதெல்லாம் அந்த எண்ணையும் சதவீதத்தையும் நோட்டில் குறித்தேன். இரண்டு நாள், முப்பது பிளாக். பிறகு புரோகிராமை உடைத்து எழுதினேன். 50 மி.மீ. வரை ஒரு ஃபீட், 50 முதல் 62 வரை பாதி ஃபீட், அதற்குக் கீழே மறுபடி பழையது. யார் நின்று ஓட்டினாலும் டிரில் உடையவில்லை. மேனேஜர் என் முதுகில் தட்டினார். புரோகிராமின் முதல் வரியில், அடைப்புக்குறிக்குள், எழுதியவர் பெயர் போடுவது வழக்கம். என் பெயரைப் போட்டேன்.

அன்று சாயங்காலம் மாமா என்னை பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீயும் தேங்காய் பன்னும். கடைக்காரரிடம், “எங்கக்கா பையனுங்க. நம்ம வேலைய அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான்” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

ஒன்றரை வருடத்தில் அந்த மிஷினுக்கு ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன் வந்தான். சம்பளம் குறைவு. மாமாவை பர் எடுக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். துளைபோட்ட பிளாக்குகளின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் ராவும் வேலை. நான் அப்போது பெங்களூரில், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன்.

*

இப்போது நாவலுக்கு வருகிறேன். வோனகட் 1947-லிருந்து சில வருடங்கள், ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலையின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவர். ஜெட் எஞ்சின் ரோட்டர்களை வெட்டும் தானியங்கி மில்லிங் மிஷின் ஒன்றை அங்கே பார்த்ததுதான் இந்த நாவலுக்குத் தூண்டுதல் என்று பின்னாளில் நேர்காணலில் சொல்லியிருக்கிறார். அவர் கற்பனை செய்த நாடாவும் முழுக்கக் கற்பனை அல்ல. ஒரு தொழிலாளி முதல் பாகத்தைக் கையால் செய்யும்போது மிஷினின் அசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்து, பிறகு அதை ஓடவிட்டு மிச்சப் பாகங்களைச் செய்யும் முறையை அந்தக் காலத்தில் அந்த நிறுவனமே உருவாக்கிக்கொண்டிருந்தது.

நாவல் வெளியானது 1952. அதே வருடம் எம்.ஐ.டி.யில் வேறொரு மிஷினை உலகுக்குக் காட்டினார்கள். மிச்சிகனில் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையில் தொடங்கி, அமெரிக்க விமானப்படையின் பணத்தில் வளர்ந்த மில்லிங் மிஷின் அது. அதில் யாருடைய கையும் பதிவாகவில்லை. வளைவைக் கணிதத்தால் புள்ளிகளாக்கி, புள்ளிகளைக் காகித நாடாவில் துளைகளாக்கி, அந்த நாடாவைப் படித்து மிஷின் ஓடியது. இன்றைய சி.என்.சி. எல்லாம் இந்தக் கிளையில் பிறந்தவை.

இந்த இரண்டு கிளைகளையும் அருகருகே வைத்துப் பேசிய முக்கியமான புத்தகம் டேவிட் நோபிளின் ‘ஃபோர்சஸ் ஆஃப் புரடக்‌ஷன்’ (1984). கையைப் பதியும் முறை தோற்றதற்குத் தொழில்நுட்பக் காரணம் மட்டும் போதாது என்பது அவர் வாதம். பதிவு முறையில் முதல் பாகத்தைச் செய்யும் தொழிலாளி தேவைப்படுகிறார். எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம் என்ற தீர்மானம் பட்டறைத் தரையிலேயே இருக்கிறது. எண்முறையில் அது ஆபீஸுக்குப் போய்விடுகிறது. நிர்வாகத்துக்கு இரண்டாவதுதான் பிடித்தது. விமான இறக்கைபோன்ற வளைவுகளைக் கையால் ஓட்டிப் பதிவது சிரமம் என்ற நியாயமும் இதற்குள் இருக்கிறது. ஆனால் ஒரு பட்டறையில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி இறக்கை அல்ல. வெறும் துளைகள்.

நோபிளைப் படித்தபிறகு வோனகட்டின் நாவல் எனக்கு வேறுமாதிரி தெரிந்தது. எல்லோரும் இதை இருண்ட நாவல் என்கிறார்கள். எனக்கென்னவோ, நடந்த வரலாற்றைவிட நாவல் தாராளமானது என்று தோன்றுகிறது. ரூடியின் கையாவது நாடாவில் இருக்கிறது. அது தன்னுடையது என்று ரூடிக்கும் தெரியும், பாலுக்கும் தெரியும். அந்தக் கடன் இருப்பதால்தான் மதுக்கடையில் பால் நெளிகிறான். நாவல் முழுக்க அவனை அரிக்கும் குற்றவுணர்ச்சிக்கு அங்கே ஒரு முகம் கிடைக்கிறது. நிஜத்தில் ஆபீஸில் உட்கார்ந்து எழுதிய புரோகிராமுக்கு யார்மேலும் கடன் கிடையாது. அப்படிக் கடன் இருந்தாலும், என்னுடையதைப் போல, அடைப்புக்குறிக்குள் வேறொருவன் பெயர் இருக்கும்.

*

என் சண்டை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

வோனகட் ரூடிக்கு ஒரு கையைக் கொடுத்தார். காதைக் கொடுக்கவில்லை. பெயரிலேயே அதிர்வெண்ணின் அலகை வைத்துக்கொண்டிருக்கும் மனிதருக்குக் கேட்கும் திறமையே நாவலில் இல்லை. ரூடியின் திறமை என்றால் அசைவு. அசைவைப் பதிந்தால் ஆளைப் பதிந்தாயிற்று. நாவல் இதை மறுக்கவே இல்லை. எஞ்சினியர் பால் எதை நம்புகிறானோ அதையே நாவலும் நம்புகிறது. அவன் வருந்துகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். பதிவு முழுமையாக வெற்றிபெற்றுவிட்டது என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

என் நோட்டில் இருந்தது மாமாவின் பதில்கள். அந்த பிளாக்குக்கு, அந்த இரும்புக்கு, அந்த டிரில்லுக்கு 50-லிருந்து 62 வரை பாதி ஃபீட் என்ற பதில். அவர் காதில் விழுந்துகொண்டிருந்த கேள்வி அதில் இல்லை. அதனால்தான் வேறொரு லோடு இரும்பு, கொஞ்சம் கடினமாக, வந்து இறங்கிய வாரத்தில் அந்தப் பையன் வரிசையாக டிரில்களை உடைத்தான். என் புரோகிராம் ஒழுங்காகத்தான் ஓடியது. அதற்குக் கேட்கத் தெரியாது, அவ்வளவே. அரமும் கையுமாக உட்கார்ந்திருந்த மாமாவைக் கூப்பிட்டு மிஷின் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். இரண்டு பிளாக் கேட்டுவிட்டு எங்கே குறைக்கணும் என்று சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பினார். அதன்பிறகு இது அடிக்கடி நடந்தது. சம்பளம் பர் எடுப்பவருடையதாகவே இருந்தது. அவருடைய அறிவு பட்டறைக்குத் தேவைப்படாமல் போகவில்லை. அதற்குப் பெயரும் கூலியும்தான் போயின. வோனகட் எழுதாமல் விட்டது இதை. நாவலில் வேலை இழந்தவன் தேவையற்றவனாகிவிடுகிறான். நான் பார்த்தவரை, தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறான்.

இன்னொன்று. வோனகட் தேர்ந்தெடுத்தது லேத் ஆளை. பட்டறைக்குள் ஒரு சாதி அடுக்கு உண்டு. டர்னர் மேலே. டிரில்லிங்காரர் கீழே. துளைபோடுவதில் என்ன இருக்கிறது என்பார்கள். சி.என்.சி. வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஜிக் என்ற சட்டத்தில் கடினமாக்கிய எஃகு வளையங்களைப் பொருத்தி, டிரில் எங்கே இறங்கவேண்டும் என்ற தீர்மானத்தை டிரில்லிங்காரரிடமிருந்து எடுத்தாகிவிட்டது. அதனால் ஆட்டோமேஷனைப் பற்றிய துயர இலக்கியத்திலும் அவருக்கு இடமில்லை. கைவினை அழிவதைப் பற்றி வருந்துகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மதிக்கப்பட்ட கைவினைஞனுக்காகவே வருந்துகிறார்கள். யோசிப்பதும் செய்வதும் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று 1974-ல் எழுதிய ஹாரி பிரேவர்மனே தாமிரக் கொல்லராகப் பயிற்சி பெற்றவர். அவருடைய கோபத்தில் ஒரு கைவினைஞனின் மானம் இருக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் ‘ஒன்றும் தெரியாத வேலை’ என்று முன்பே முத்திரை குத்தப்பட்டவரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்ற கேள்விக்கு அந்த மானம் உதவாது.

டிரில்லிங்கில் ஒரு விசேஷம் உண்டு. லேத்தில் டூல் எங்கே கடிக்கிறது என்பது, கூலண்டை மீறி, ஓரளவு கண்ணுக்குத் தெரியும். டிரில் வெட்டும் இடம் துளையின் அடியில், டிரில்லாலேயே மூடப்பட்டிருக்கிறது. பட்டறையில் முழுக்கக் குருடாகச் செய்யப்படும் வேலை இதுதான். சத்தம், சுருளின் நீளம், அதன் நிறம், மிஷின் உடம்பில் கை வைத்தால் வரும் அதிர்வு, இவற்றை வைத்துத்தான் உள்ளே நடப்பதை ஊகிக்கமுடியும். கீழான வேலை என்று சொல்லப்பட்டதில்தான் இவ்வளவு வாசிப்பு இருந்திருக்கிறது.

நம் பக்கத்தையும் சொல்லவேண்டும். தமிழில் உழைப்பை எழுதிய நாவல்களுக்குக் குறைவில்லை. நெசவாளர்களைப் பற்றி ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’, தோல் பதனிடுகிறவர்களைப் பற்றி டி. செல்வராஜின் ‘தோல்’, திருப்பூரைப் பற்றி எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’. இவற்றிலிருந்து நான் கற்றது அதிகம். ஆனால் வாசகனாக எனக்குள் தங்கியது உழைப்பவரின் வலி, கூலி, போராட்டம். அவருக்கு என்ன தெரியும் என்பது அந்த அளவுக்குத் தங்கவில்லை. இது நாவல்களின் குறையா, என் வாசிப்பின் குறையா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். மாமாவின் பக்கத்தில் இரண்டு நாள் நின்றும், சத்தத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் குறித்தவன்தானே நான்.

*

இப்போது நோட்டு என் மேஜைக்கு வந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எந்த வரிசையில் எதைப் பார்ப்பாய் என்று எழுதிக்கொடுக்கச் சொல்கிறார்கள். எழுதிக்கொடுக்கிறேன். நான் டைப் செய்யத் தொடங்கினால் மிச்ச வரியை ஒரு மென்பொருள் முடித்துவைக்கிறது. உலகம் முழுக்க என்னைப்போன்றவர்கள் எழுதிப் பொதுவில் போட்ட கோடுகளிலிருந்து அது கற்றுக்கொண்டது. எழுபது வருடம் முன்பு எஃகுப் பட்டறையில் தோற்றுப்போன கிளை, கையைப் பதிந்து ஓட்டும் கிளை, எஞ்சினியர்களைத் தேடி வந்திருக்கிறது. முதல்தடவை அது என் வரியைச் சரியாக முடித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரூடி பீர் வாங்கிக் கொடுத்தது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

நாவலை முடித்த அன்று மாமாவுக்குப் போன் போட்டேன். முழுக்கதையையும் சொன்னேன். நாடா, பீர், பியானோ எல்லாம். கடைசியில் ஜனங்கள் கலகம் செய்து மிஷின்களை அடித்து நொறுக்குவதையும், நொறுக்கிய சூட்டோடு ஒரு ஜூஸ் மிஷினைச் சுற்றி நின்று அதைச் சரிசெய்யத் தொடங்குவதையும் சொன்னேன். அந்த இடத்தில் சிரித்தார். “செரிதான், ஒடஞ்சு கெடந்தா கை சும்மா இருக்குமா” என்றார்.

நோட்டைப் பற்றியும் சொன்னேன். முதல் வரியில் என் பெயரைப் போட்டதையும். இத்தனை வருடத்தில் அதை அவரிடம் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “அது கெடக்குது உடு கண்ணு. எனக்கு அதுல ஒரு சந்தேகம்” என்றார்.

“என்ன மாமா?”

“அந்தாளு கையி டேப்புல ஏறிருச்சு, செரி. டேப்பு ஓடறப்பப் பக்கத்துல நின்னு கேட்டது யாரு?”

“யாருமில்ல மாமா. அது பாட்டுக்கு ஓடும்.”

“அப்ப டூலு ஒடஞ்சிருக்குமே. எழுதுனவரு அத எழுதாம உட்டுட்டாரு.”